இரண்டு கைப்பிடி வைத்த பெட்டி

1

கிட்டார் கடைக்குத் தராசு கொண்டுபோனது தப்புதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டில் ஒப்புக்கொள்ள எனக்கு எட்டு நாள் எடுத்தது. எழுத்தில் என்றால் கொஞ்சம் சுலபமாக வருகிறது.

ஊருக்குப் போகும்போது பயணப்பெட்டிகளைத் தூக்கி நிறுக்கும் சின்னக் கொக்கித் தராசு அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஜெர்மனிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் அதை நான் விட்டபாடில்லை. அரிசி மூட்டை வாங்கினால் வீட்டுக்கு வந்து நிறுப்பேன். பொதி அனுப்புவதென்றால் தபால் கந்தோருக்குப் போகமுதல் நிறுப்பேன். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த எடையை நம்பாமல், சமையலறைத் தராசின் மேல் ஒரு தாம்பாளத்தை வைத்து, துணி விரித்து, அவளைக் கிடத்தி நிறுத்தவன் நான். "பிறந்த பிள்ளையைத் திரும்ப நிறுத்துப் பாத்த மனுசன்" என்று என் மனைவி கோமதி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இதற்கு இலங்கையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டமான எல்கடுவவைத்தான் குறை சொல்ல வேண்டும். அம்மா அங்கே கொழுந்து பறித்தார். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, கணக்கப்பிள்ளை காலையில் யாரோடு சண்டை பிடித்துவிட்டு வந்தாரோ அதற்கு ஒரு கிலோ என்று கழித்துவிட்டுத்தான் எடையை எழுதுவார்கள். எழுதியது ஒன்றாக இருக்கும், அம்மாவின் தோளுக்குத் தெரிந்தது வேறொன்றாக இருக்கும். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்த யாரும் எழுதிய எடையை நம்புவதில்லை. தூக்கிப் பார்த்துத்தான் நம்புவோம்.

இதையெல்லாம் ஸ்டுட்கார்ட் நகரத்து இசைக்கருவிக் கடையில், பத்தொன்பது வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்த முடியாது. நான் முயற்சி செய்ததுதான் வினையாகப் போயிற்று.

2

மகள் பெயர் தர்ஷினி. லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஐந்தாறு மணித்தியாலம். அங்கே இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் வீடு பார்த்திருந்தாள். லிப்ட் கிடையாது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு இசைக்குழுவும் தொடங்கிவிட்டார்கள். படிப்புக்காகப் போகிறாளா பாட்டுக்காகப் போகிறாளா என்று கேட்டேன். "ரெண்டுக்கும்தான் அப்பா" என்றாள்.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு தாள் இருக்கும். மாணவிகளுக்கு வீடு கொடுப்பவர் பிணைத்தாள் ஒன்று கேட்டார். பிள்ளை வாடகை கட்டத் தவறினால் நான் பொறுப்பு என்று தாயோ தகப்பனோ கையெழுத்து வைக்க வேண்டும். அனுப்புவதற்குக் கடைசி நாளும் போட்டிருந்தது. அது தவறினால் அறை வேறு யாருக்கோ போய்விடும், வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்று தர்ஷினி சொன்னாள்.

"வாசிச்சிட்டு வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். வாசித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தேன். பிறகு பாஸ்போர்ட்டுகள் இருக்கும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

கையெழுத்து என்றால் எங்கள் குடும்பத்தில் ஒரு பயம் உண்டு. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் என் பெரியப்பா ஒரு தாளில் கைநாட்டு வைத்தார், குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனார், அப்பா அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. கோமதி கேட்டபோது இந்தக் கதையைத்தான் எடுத்துவிட்டேன்.

"அது கப்பல் காலம். இது மூண்டு பிள்ளையள் இருக்கிற ஒரு வீடு. சும்மா சாட்டுச் சொல்லாதேங்கோ" என்றாள். அவள் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரி. எனக்கு ஒரு விஷயத்தைச் சுற்றிவளைத்துச் சொன்னால்தான் மனது ஆறும், அவளுக்குக் கத்தரித்துப் போட்டால்தான் ஆறும்.

சாட்டுத்தான். தாளில் எழுதியிருந்தது எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வராததால் லாச்சியைப் பூட்டினேன்.

3

அம்ப், அதாவது கிட்டார்ச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி, அந்த விஷயம் இதற்கு முந்தியது. தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயதில் கிட்டார் வாங்கிக் கொடுத்ததே நான்தான். "பெரிய புள்ளையாகி வெளிய போறப்போ உனக்கு வால்வ் வச்ச அம்ப் ஒண்ணு வாங்கித் தாறேன்" என்று அப்போது வாயை விட்டிருந்தேன். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்துத்தானே நாம் வாக்குக் கொடுக்கிறோம்.

வால்வ் என்பது நான் சொல்லும் பெயர். அவள் டியூப் என்பாள். பழைய ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் சிவப்பாக எரியுமே, அந்தக் கண்ணாடிக் குமிழ்கள்தான். இந்தக் காலத்து அம்புகளில் பெரும்பாலும் அது இல்லை. ஆனால் கிட்டார் வாசிப்பவர்கள் அதைத்தான் தேடிப் போவார்கள். மெதுவாகத் தட்டினால் தெளிவாகக் கேட்கும். அழுத்தி அடித்தால் தொண்டை கட்டிய பாட்டுக்காரன் மாதிரி ஒரு கரகரப்பு வரும். அந்தக் கரகரப்புக்காகத்தான் இவ்வளவு பாடுபடுவார்கள்.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இப்போது அவளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் குடுமி வைத்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். நான் அவரை மரியாதைப் பன்மையில் அழைக்க, அவர் என்னை ஒருமையில் அழைத்தார். மகளும் அவரை ஒருமையில் அழைத்தாள். இருபது வருடமாகியும் யாரை எப்படி அழைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. "இஞ்ச ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறேல்ல அப்பா" என்று காதுக்குள் சொன்னாள்.

மூன்று அம்புகளை வரிசையாக வைத்தார். நடுவில் இருந்தது முதல் பார்வையிலேயே கழிந்துவிட்டது. வயர் குத்தும் துவாரத்தை விரலால் ஆட்டினேன், ஆடியது. பின்பலகையைத் தட்டினேன், மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையின் செத்த சத்தம். பெட்டி சரியில்லாத அம்ப் இரண்டு மழைக்காலம் தாங்காது. இது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

வலது பக்கத்தில் இருந்தது சின்னது. மெல்லிய ஒட்டுப்பலகைதான், ஆனால் மூலைகள் இறுக்கமாகப் பொருந்தியிருந்தன. உள்ளே இரண்டு சின்ன வால்வ், பத்து அங்குல ஸ்பீக்கர், அதில் பாரம் குறைந்த புதுவகைக் காந்தம். பதினொரு கிலோ என்று எழுதியிருந்தது. தர்ஷினி வாசித்துப் பார்த்தாள். சுத்தமான சத்தம்தான். அடித்தந்தியில் மட்டும் கொஞ்சம் மெலிவு.

இடது பக்கத்தில் இருந்ததைப் பற்றி என்ன சொல்ல. முதிர்ந்த மரம், மூலைக்கு மூலை பல்லுப்பல்லாக வெட்டிக் கோத்த பெட்டி. பின்னால் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு வயரும் கையால் பற்றவைத்தது, ஈயம் ஒரு பொட்டுக்கூட வழியாமல் உட்கார்ந்திருந்தது. என் இரண்டு முஷ்டி அளவுக்கு ஒரு டிரான்ஸ்போமர். தர்ஷினி அடித்தந்தியை ஒரு தட்டுத் தட்டினாள், என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். இரண்டு நிமிடம் நான் அந்தக் கடையில் இல்லை.

இருபத்தாறு கிலோ இருநூறு கிராம் என்று அட்டையில் எழுதியிருந்தது. பக்கங்களில் இரண்டு இரும்புக் கைப்பிடிகள்.

அப்போதுதான் என் கை சட்டைப்பைக்குள் போனது. கொக்கியைக் கைப்பிடியில் மாட்டித் தூக்கினேன். கடைக்காரருக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், அவரே வந்து மற்றப் பக்கத்தைத் தாங்கி, இன்னொரு கயிறு கொண்டுவந்து, நேராகத் தொங்கவிட உதவி செய்தார். கடையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். தராசில் இருபத்தாறு புள்ளி இரண்டு என்று விழுந்தது. நூறு கிராமும் கூடக் குறைய இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

"அப்பா. அதை உள்ள வையுங்கோ" என்றாள் தர்ஷினி. அவள் காது மடல் சிவந்திருந்தது.

4

"இதையே எடுப்போம்" என்றேன்.

"நல்ல சத்தம்தான். ஆனா எனக்கு இது வேண்டாம் அப்பா. இதை நான் எப்பிடித் தூக்கிறது? நாலாம் மாடி. பிறகு டிராம். பழகிற இடத்திலயும் படி."

"ரெண்டு பக்கமும் கைப்புடி இருக்குல்ல. ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்."

"நீங்கள் லைப்ஸிக்கில இருக்கமாட்டியளே."

"கூப்புட்டா வந்துட்டுப் போறேன்."

"ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலேறி வந்து, ஒரு பக்கம் பிடிச்சிட்டு, திரும்ப ரயிலேறிப் போவியளோ?"

"வந்தா என்ன இப்ப?"

அவள் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை என்று விளங்கியதும் சிரிப்பு நின்றது. சின்ன அம்பின் மேல் கையை வைத்து, "எனக்கு இது போதும். இது வீட்டில வைச்சு வாசிக்கிறதுக்கு இல்லை, கொண்டு திரியிறதுக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

"பெருச எடுத்தா அந்தத் தாள்ல கையெழுத்து வைக்கிறேன். சின்னதுன்னா அப்புறம் பாப்போம்."

தர்ஷினி கிட்டாரைக் கொழுவியில் மெதுவாக மாட்டினாள். கோபம் வந்தால் அவளுக்கு ஜெர்மன்தான் வரும். என்னைப் பார்க்காமல், அம்பைப் பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். உங்களுக்கு வேண்டியது இதன் சத்தம் இல்லை, என்னால் தனியாகத் தூக்க முடியாத ஒன்று. அவ்வளவுதான். ஜெர்மனில் நான் எத்தனையோ தடவை பாதி விளங்காமல் தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது.

அவள் ரயிலில் தனியாக வீட்டுக்குப் போனாள். கடைக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் மூன்று அம்புகளையும் ஒவ்வொன்றாக அணைத்தார். நான் நன்றி சொன்னேன், மரியாதைப் பன்மையில்.

5

எங்கள் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எல்கடுவவில் நானும் என் கூடப்பிறந்த ராஜு அண்ணனும் ஒரு சின்ன இசைக்குழு வைத்திருந்தோம். அண்ணன் கிட்டாரும் பாட்டும், நான் இரண்டாவது கிட்டார், லயத்துப் பையன்கள் இரண்டு பேர் தாளம். கல்யாணம், சடங்கு, தோட்டத்துக் கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவோம். யட்டவத்த வரைக்கும் பஸ்ஸில் போய் வாசித்திருக்கிறோம். சிங்களக் கல்யாணத்தில் பைலா ஆட்டப்பாட்டு, எங்கள் ஆட்கள் வீட்டில் சினிமாப் பாட்டு, இரண்டு இடத்திலும் சாப்பாடு நன்றாக இருக்கும்.

அம்பை மாத்தளை டவுனில் ரேடியோக் கடை வைத்திருந்த பாரூக் நானா செய்து கொடுத்தார். மூடிப்போன ஒரு படமாளிகையின் ஒலிப்பெட்டியிலிருந்து கழற்றிய வால்வ்களும் டிரான்ஸ்போமரும். பெட்டி பலாப்பலகை. இரண்டு பக்கமும் இரும்புப் பிடி. ஒப்படைக்கும்போது சொன்னார்: "இது ஒராள் தூக்குற சாமான் இல்ல தம்பிமாரே. ரெண்டு பேரும் சண்ட புடிக்காம இருந்துக்கோங்க."

சண்டை பிடித்தோம்தான். ஆனால் தூக்கும்போது பிடிக்கவில்லை. தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் படி. அண்ணன் முன்னால், நான் பின்னால். படி வந்தால் அண்ணன் "ஹோ" என்பார், நான் முழங்காலை மடக்குவேன். மழை பெய்தால் சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் போடுவோம். நாங்கள் நனைந்தால் காய்ந்துவிடுவோம், டிரான்ஸ்போமர் நனைந்தால் எரிந்துவிடும். நாலைந்து வருடம் அப்படித் தூக்கினோம். அண்ணனின் கால் எந்தக் கணத்தில் எழும்பும் என்று பெட்டியின் ஆட்டத்திலேயே எனக்குத் தெரியும்.

மாத்தளைத் தேர் முடிந்த கிழமை நான் வெளிநாட்டுக்குக் கிளம்பினேன். ஏஜென்ட்காரன் நாளைச் சொன்னது கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புதான். அண்ணனிடம் சொன்னபோது அவர் தந்தி மாற்றிக்கொண்டிருந்தார்.

"பொட்டிய என்னண்ணே செய்வ?" என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும். நீ போற வழியப் பாரு."

பஸ் நிலையம் வரைக்கும் என் பயணப்பெட்டியை அவர்தான் தூக்கி வந்தார். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, பாட்டுக்குப் போவதைக் கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் வலிக்குப் பூசும் மருந்து அனுப்பினேன். அந்தக் கால் சரியாகவே இல்லை. தோட்ட வேலையை விட்டு, இப்போது டவுனில் ஒரு ஹாஜியாரின் மண்டியில் மிளகு நிறுக்கிறார். தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் காலை இழுத்து நடப்பதைப் பார்த்து, பாழாய்ப்போன கவ்வாத்து என்று நினைத்துக்கொள்வேன்.

6

கடைக்குப் போய் வந்த பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், தர்ஷினி எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மரியாதைக் குறைவாக ஒன்றும் இல்லை. கேட்டால் பதில் சொன்னாள். தேத்தண்ணி போட்டால் எனக்கும் ஒரு கோப்பை வைத்தாள். ஆனால் அவள் அறையிலிருந்து கிட்டார்ச் சத்தம் வரவில்லை. அறைக் கதவு பாதி திறந்திருக்கும்போது பார்த்தேன், அலுமாரி பாதி காலி.

நான் பாண், அதாவது ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மாவு மூட்டைகள் இருபத்தைந்து கிலோ. அந்தக் கிழமை ஒவ்வொரு மூட்டையைத் தூக்கும்போதும் அவள் தோளை நினைத்துக்கொண்டேன். என் மகளின் தோள் சின்னது. இது தெரிந்துகொண்டுதான் பெரிய பெட்டிக்கு அடம் பிடித்தேனா என்று என்னையே கேட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் என்னோடு பேசும் தமிழ் என் தமிழ் இல்லை. தாயிடம் படித்தது. "போறன், வாறன்" என்பாள். ஒரு நாளும் "போறேன், வாறேன்" என்றதில்லை. சின்ன வயதில் அண்ணனோடு போனில் பேசவிட்டால், "நம்ம புள்ள பருத்தித்துறைப் புள்ளையால்ல பேசுது" என்று அவர் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். என்னிடமிருந்து அவளுக்குப் போய்ச் சேர்ந்தது கிட்டார் ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு போகிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிணைத்தாளுக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை.

7

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மத்தியானம், அண்ணனுக்குப் பின்னேரம். வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணன் லயத்து வாசலில் வாங்குப் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுந்தரி அண்ணி உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா தம்பி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் மழுப்பினேன். அண்ணன் என் பக்கம் பேசுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"நீயே சொல்லுண்ணே. கையால செஞ்ச வேல. மரமும் தரமான மரம். அது நல்லதா, இவ கேக்குற தக்கைப் பொட்டி நல்லதா?"

"சத்தம் எப்புடி?"

"அப்புடியே நம்ம பொட்டிண்ணே."

அண்ணன் முகம் மலர்ந்தது. "மெய்யாவா? எத்தன கிலோ?"

"இருவத்தாறு. நிறுத்துப் பாத்தேன்."

"எழுதுன மாதிரியே இருந்துச்சா?"

"அப்புடியே இருந்துச்சு."

"அடப் பாவி, அந்த ஊருல கணக்கப்புள்ள இல்ல போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

அண்ணி உள்ளியைக் கீழே வைத்தார். "இன்னொரு பொட்டியா? ஒரு பொட்டியால இவரு காலு போனது பத்தாதா?"

"நீ சும்மா இரு சுந்தரி" என்றார் அண்ணன்.

"என்ன பொட்டியால?" என்றேன். "கவ்வாத்து மலையில விழுந்தாருன்னுதானே..."

"அவரு அப்புடித்தான் எழுதுவாரு. நீங்க போன பொறகு தோட்டத்து மேல் டிவிசன்ல ஒரு கலியாணம். நீங்க இருக்கறப்பவே ஒத்துக்கிட்டது. வேற ஒரு பையன கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் தூக்கிப் பாத்தாரு, சரிவரல. சொன்ன சொல்லு தவறக் கூடாதுன்னு தனியா முதுகுல ஏத்திக்கிட்டுப் போனாரு. மழை. படியில விழுந்தாரு. பொட்டி இவரு முட்டிக்கு மேல. ஆளுங்க வந்து பொட்டிய எடுத்தப் பொறகுதான் காலே தெரிஞ்சிச்சு. இருவது வருசமா தம்பிக்குச் சொல்லாதே, தம்பிக்குச் சொல்லாதேன்னு என் வாயக் கட்டி வச்சிருந்தாரு."

அண்ணன் போனை வேறு பக்கம் திருப்பியிருந்தார். கொஞ்ச நேரம் எனக்குக் கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது. பிறகு அவர் முகம் திரும்பி வந்தது.

"அவ சொல்றத பெருசா எடுக்காத."

"ஏண்ணே எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ என்னா செய்வே? அங்கயிருந்து வந்து காலப் புடிச்சி விடுவியா? நீ போனதுல எனக்குக் கோவம் இல்லடா. எனக்கு அந்த வழி கெடச்சிருந்தா நானும் போயிருப்பேன். அந்தப் பொட்டிதான். ரெண்டு பேரு இருப்போம்னு நெனச்சு செஞ்சது. ஒருத்தன் போயிட்டா மத்தவனுக்கு அது ஆகாது."

நான் மேசை லாச்சியைத் திரும்பிப் பார்த்தேன்.

"புள்ளைக்குத் தூக்க முடிஞ்சதக் குடு" என்றார் அண்ணன். "சத்தம் கொஞ்சம் கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது. அவ போவாதான். நீயும் போனேல்ல. போறப்ப அவ பொட்டியும் அவளோட போவணும். அவ்வளவுதான் விசயம்."

போனை வைத்ததும் லாச்சியைத் திறந்தேன். பிணைத்தாளில் கையெழுத்து வைத்தேன். அழுத்தி வைத்ததில் பின்பக்கம் தடிப்புத் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு தர்ஷினியின் அறைக்குப் போனேன். அவள் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் நான் செய்தது தப்பு, தராசும் தப்பு, கையெழுத்தைக் காட்டி மிரட்டியது பெரிய தப்பு என்று சொன்னேன். அவளுடைய பெரியப்பா, ராஜு அண்ணனின் காலைப் பற்றியும் சொன்னேன். அவள் புத்தகத்தைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

கடைசியில் தாளை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"அம்மா செவ்வாய்க்கிழமையே வேற ஒரு தாளில கையெழுத்து வைச்சுத் தந்திட்டா அப்பா. அனுப்பியாச்சு. அவையள் சரியெண்டு பதிலும் போட்டிட்டினம்."

தாயோ தகப்பனோ என்று அந்தத் தாளில் தெளிவாக எழுதியிருந்தது. அகராதி வைத்து வாசித்தவன் நான். ஐந்து நாளாக நான் பூட்டி வைத்திருந்தது வெறும் காகிதம். இரண்டு பெண்களும் அதை என்னிடம் சொல்லாமல் இருந்தார்கள். சமையலறையில் கோமதியைப் பார்த்தேன். "நீங்களா வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்" என்றாள். அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தர்ஷினி நான் கொடுத்த தாளைத் திருப்பித் தரவில்லை. மடித்து ஒரு புத்தகத்துக்குள் வைத்தாள்.

8

சின்ன அம்பையே எடுத்தோம். கடைக்காரர் என்னை மறக்கவில்லை, "தராசு எங்கே?" என்று கேட்டுச் சிரித்தார். நான் வெறும் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன். வைக்கும் இடத்தைப் பொறுத்து அடிச்சத்தம் கொஞ்சம் தேறும், சுவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார் என்று தர்ஷினிக்குச் சொல்லிக் கொடுத்தார். பெரியதின் பக்கம் நான் போகவில்லை. போனால் தட்டிப் பார்க்கத் தோன்றும்.

லைப்ஸிக்குக்கு வாடகை வான் வண்டியில் சாமான்களைக் கொண்டுபோனோம். கோமதிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, வர முடியவில்லை. சிநேகிதிகள் இருவரும் கட்டில் பலகைகளோடு முதலே மேலே போய்விட்டார்கள். கீழே நானும் தர்ஷினியும் மிச்சச் சாமான்களும்.

அவள் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டாள். அம்பை எடுத்தாள். படிக்கட்டில் ஏறத் தொடங்கும்போது என்னையறியாமல் என் கை நீண்டது, மற்றப் பக்கத்தைப் பிடிக்க.

பிடிக்க ஒன்றும் இல்லை. அதற்கு மேலே நடுவில் ஒரே ஒரு தோல் பிடிதான். அதில் அவள் கை இருந்தது.

"நீங்கள் சோறு அவிக்கிற பானையை எடுங்கோ அப்பா" என்றாள்.

எடுத்தேன். அவள் முன்னால் ஏறினாள், நான் பின்னால். முதலாம் மாடித் திருப்பத்தில் கை மாற்றினாள். மூன்றாம் மாடியில் நான் மூச்சு வாங்கி நின்றேன். அவளுடைய காலடிச் சத்தம் நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. அண்ணன் சொல்லும் அந்த "ஹோ" எனக்கு வாய்வரைக்கும் வந்தது. யாரிடம் சொல்ல. அவளுக்குப் படி தெரிந்திருந்தது.

திரும்பி வந்த பிறகு நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த முகவரியில் இனி வசிப்போர் இரண்டு பேர், குப்பைத் தொட்டியின் அளவைக் குறைக்க விரும்பினால் இந்தப் படிவத்தை நிரப்பவும். கோமதி அதை நிரப்பாமல் மேசையில் போட்டுவிட்டாள். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

லைப்ஸிக்கிலிருந்து திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பேசியது கால் பற்றியோ பழைய பெட்டி பற்றியோ இல்லை. அந்தப் பெட்டி இப்போது எங்கே என்று அண்ணி காட்டினார். அரிசி வாளி வைக்கும் பலகையாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, இரும்புப் பிடிகள் இரண்டும் துருப்பிடித்து.

"புள்ள போய்ச் சேந்துட்டாளா?" என்றார் அண்ணன்.

"சேந்துட்டாண்ணே."

"நாலாவது மாடின்னு சொன்னியே. பொட்டிய யாரு தூக்குனது?"

"அவதான்."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதாண்ணே. எங்கயும் எறக்கி வைக்கல."

அண்ணன் கை அவருடைய முழங்காலுக்குப் போனது. அதைத் தடவினார்.

"விழலல்ல?" என்றார்.

"இல்லண்ணே."

"அப்ப சரி" என்றார்.